நாலு எட்டு தள்ளி நின்ற கழி

கசிஜாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அதுதான் அவளுக்கு வந்த வினை. ஒரு வருஷமாக, கடல் வற்றிய நேரத்தில் முழங்கால் தண்ணீரில் குனிந்து அவள் கயிற்றில் பாசி கட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் "கழி எங்கடி?" என்று கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சுவேனாவின் குரல். சுவேனாவைப் புதைத்துப் பதின்மூன்று மாதம் ஆகிறது.

உங்குஜா தீவின் கிழக்குக் கரையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் கசிஜா. வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருஷமாகச் செம்பாசி பயிர் செய்கிறாள். ஆரம்பத்தில் ஆண்கள் படகுத்துறையில் உட்கார்ந்துகொண்டு, "கடல்ல கீரை நடப் போறாளுங்க பாரு" என்று சிரித்தார்கள். அந்தக் கீரைதான் அவள் வீட்டுக்குத் தகரக் கூரை போட்டது. புருஷன் மகாமே, கடலுக்கு அக்கரையில் தாங்கா ஊர்ப் பக்கம் மீன் பிடிக்கப் போய் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு மூன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டதும் அதுதான். சிரித்த ஆண்கள் அதற்கப்புறம் அவளிடம் கைமாற்று கேட்டு வந்தார்கள். அவளும் கொடுத்தாள், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். வாய் அப்படி.

சுவேனா பக்கத்துப் பாத்திக்காரி. இருபத்தெட்டு வருஷம் இருவர் பாத்தியும் ஒட்டியே கிடந்தன. ஒருத்தி கயிறு அவிழ்ந்தால் மற்றவள் கட்டுவாள். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் இரண்டு பாத்தியையும் பார்ப்பாள். சண்டையும் அப்படித்தான், மாதம் ஒன்றாவது இருக்கும். கரையே அதிரும்படி கத்திவிட்டு, சாயங்காலம் ஒரே தட்டில் மரவள்ளிக்கிழங்கு தின்பார்கள்.

கடைசிச் சண்டை மட்டும் அப்படி முடியவில்லை. ஒரு கல்யாண வீட்டில், பெண்கள் கூடிக் கொட்டு அடிக்கிற இடத்தில், சுவேனா எழுந்து இடுப்பை ஆட்டியபடி, "எங்க கசிஜா புருஷன் மீன் பிடிக்கப் போனான், மீனுதான் அவனப் பிடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டாள். முந்நூறு பெண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கசிஜா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐந்து வாரம் பேச்சில்லை. குத்தலான வாசகம் அச்சடித்த காங்காத் துணியாகத் தேடி வாங்கி, அதை முதுகில் தெரியும்படி போர்த்திக்கொண்டு சுவேனா வீட்டு வழியாக நடந்தாள். மறுநாளே சுவேனா அதைவிடக் குத்தலான ஒன்றைப் போர்த்திக்கொண்டு எதிரே வந்தாள். அந்த ஊரில் பேசாமல் பேசுவதற்கு அதுதான் வழி.

இனி அந்தக் கழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருவர் பாத்திகளும் சேரும் மூலையில் ஒரு கண்டல் கழி நட்டிருக்கும். அதன் தலையில் சுவேனா தன் பழைய காங்காவைக் கிழித்துக் கட்டிய சிவப்புத் துணி. அது எல்லைக்கு மட்டும் நட்ட கழி இல்லை. தண்ணீர் ஏறும்போது பாத்தியிலிருந்து அந்தக் கழி வரைக்கும் நேரே நடந்து, அங்கே இடப்பக்கம் திரும்பினால் மணல்திட்டு வரும், அதைப் பிடித்துக் கரை சேரலாம். கழிக்கு அப்பால் நாலு எட்டில் வாய்க்கால். அங்கே கடல் ஆற்றைப் போல ஓடும். ஊர்ப் பெண்கள் வாழ்நாளெல்லாம் கடலில் நிற்பார்கள், ஆனால் ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. கழிதான் அவர்களுக்குக் கண்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் காலை கசிஜா அந்தக் கழியைப் பிடுங்கினாள். சுவேனா பக்கமாக நாலு எட்டு வைத்து, வாய்க்கால் விளிம்பில் நட்டு, கல்லால் அடித்து இறக்கினாள். நிலத்துக்கு ஆசைப்பட்டுச் செய்ததில்லை. சத்தியமாக இல்லை. சுவேனா வந்து பார்ப்பாள், "நாசமாப் போறவளே, என் பாத்தியவா திருடுறே?" என்று கத்துவாள், இவளும் கத்துவாள், அப்படியே பேச்சு வந்துவிடும் என்று நினைத்தாள். பாத்தியில் நிற்காமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, வாசலில் அந்தக் கத்தல் கேட்குமா என்று காத்திருந்தாள்.

சுவேனா அன்றைக்குத் தாமதமாகத்தான் போனாள், அவசரத்தில் கழி இடம் மாறியதைக் கவனித்திருக்கமாட்டாள். மூட்டையைத் தலையில் ஏற்றியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கழியை நோக்கி நடந்திருப்பாள், கழியில் இடப்பக்கம் திரும்பியிருப்பாள். மறுநாள் கடல் வற்றியபோது திட்டுக்கு அந்தப்புறம் கிடைத்தாள். "வெள்ளம் சீக்கிரம் ஏறிடுச்சு, அல்லா எழுதினது அவ்வளவுதான்" என்றது ஊர்.

ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்குவதற்கு முன்னால் வாசலில் நின்று சுவேனாவின் அண்ணன் வழக்கம்போலக் கேட்டான். "இவ யாருக்காவது மனசு நோகச் செஞ்சிருந்தா, வாழ்ந்த காலத்துல தப்பு ஏதாவது பண்ணியிருந்தா, எல்லாரும் மன்னிச்சிருங்க." ஆண்களும் பெண்களுமாக எல்லாரும், "மன்னிச்சோம்" என்றார்கள். கசிஜாவும் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

அன்றிலிருந்து கழி அங்கேயேதான் நின்றது. திருப்பி நடவேண்டும் என்று மூன்று தடவை போனாள். கழியில் கை வைத்தாலே காதில் அந்தக் கேள்வி வந்துவிடும், கையை எடுத்துவிடுவாள். அது மட்டுமில்லை, திருப்பி நட்டால் யாராவது பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். அதனால் வேறொன்று செய்தாள். "அந்த மூலைக்குப் போகாதீங்கடி, எனக்கு அங்க குரல் கேட்டுச்சு" என்று தண்ணீர்க் குழாயடியில் ஒரு வார்த்தை போட்டாள். குரல் கேட்டது உண்மைதான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அங்கே ஷைத்தான் குடியிருக்கிறது என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. செத்தவள் பாத்தியில் யாரும் கால் வைக்கவில்லை. கசிஜா மட்டும் அந்த நாலு எட்டு அகலத் துண்டில் கயிறு கட்டினாள். கட்டாமல் விட்டால் கழி ஏன் அங்கே நிற்கிறது என்று யாராவது யோசிப்பார்களே என்ற பயம். பயம்தான் அவளைத் திருடியாக்கியது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எட்டுப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சாறு எடுக்கும் அறை ஒன்று உண்டு. சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை. மேசை, பெரிய கண்ணாடி ஜாடிகள், அரைக்கும் இயந்திரம், பாசி உலர்த்த ஓலைக்கூரைக்குக் கீழே வலைத்தட்டுகள். மாதம் இரண்டு முறை நகரத்திலிருந்து டாக்டர் லத்தீஃபா வருவார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பாசி படித்த டாக்டர். முதல் நாள் அவர் சொன்னார்: "இரும்பு துருப்பிடிக்குது இல்ல? உடம்புக்குள்ளயும் அப்படி ஒரு துரு ஏறுது. அதைத் தடுக்கிற சத்து இந்தப் பாசியில இருக்கு. அதை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்கப் போறோம்."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாளி குடுங்க டாக்டர். மனுஷன் முழுக்கத் துரு" என்றாள் மிசே. அந்த அறையில் சிரிப்பு மூட்டுவது அவள் வேலை.

பாசியை அரைத்து, தண்ணீர் கலந்த சாராயத்தில் ஒரு நாள் ஊறவைக்க வேண்டும் என்றதும் எல்லார் முகமும் மாறிவிட்டது. நோன்பு பிடிக்கிற ஊரில் சாராயமா? இமாமிடம் போய்க் கேட்டார்கள். குடிப்பதற்கு இல்லையென்றால் சரி, கதவுக்குப் பூட்டு இருக்கட்டும் என்றார் அவர். "பூட்டு எங்களுக்கா, அவருக்கா?" என்று மிசே வெளியே வந்து கேட்டாள்.

முதல் மூன்று மாதம் ஒன்றும் தேறவில்லை. தப்பு கசிஜாவுடையது. வியாபாரிக்குப் போகும் பாசியை மணலில் பரப்பி, வெயிலில் வெளுக்க வெளுக்கக் காயவைத்துப் பழகிய கை. வெளுத்தால்தான் நல்ல சரக்கு என்று முப்பது வருஷமாக நம்பியவள், வலைத்தட்டில் இருந்ததையும் யாருக்கும் சொல்லாமல் வெயிலுக்கு இழுத்துப் போட்டுவிட்டாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சித்தி, அந்தச் சிவப்புலதான் நமக்கு வேண்டியதுல பாதி இருக்கு. நீங்க அதைச் சூரியனுக்குக் குடுத்துட்டீங்க!"

அப்படித் திட்டு வாங்கியவள்தான் அறையிலேயே சிறந்த கைகாரி ஆனாள். மூன்று தண்ணீர் கழுவி, நிழலில் உலர்த்தி, அரைத்து, ஊறியதைத் துணியில் வடிகட்டி, சாராயத்தை மெல்லிய சூட்டில் ஆவியாகப் போகவிட்டால் ஜாடியின் அடியில் புளிக்கரைசல் நிறத்தில் கொஞ்சம் பிசின் நிற்கும். நகரத்தில் முகப்பூச்சுக் கம்பெனிக்காரர்கள் அதை வாங்குவார்கள். வடிகட்டும் வேலையை மட்டும் கசிஜா தனியாகச் செய்யமாட்டாள். துணியிலிருந்து சொட்டு விழும் சத்தத்துக்கு நடுவே அந்தக் கேள்வி வரும்.

அவளோடு துணைக்கு இருந்து வடிகட்டியவள் யார் தெரியுமா? சிகுதானி. சுவேனாவின் ஒரே மகள். இருபத்து நாலு வயது, நகரத்தில் படித்துவிட்டு அம்மா போன பிறகு ஊருக்கு வந்தவள். கடலில் இறங்கிப் பழக்கமில்லை. அறையில் எழுதுவதும் அளப்பதும் அவள் பொறுப்பு. கசிஜாவை வாய் நிறையச் "சித்தி" என்பாள். "அம்மாவோட வாசனை உங்ககிட்டதான் சித்தி மிச்சம் இருக்கு" என்று ஒரு நாள் தோளில் சாய்ந்தாள். கசிஜா தட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லி ஓலைக்கூரைக்குக் கீழே போய்விட்டாள்.

அந்த வருஷம் கடல் கொதித்தது. காலை வைத்தால் காய்ச்சிய தண்ணீர் மாதிரி இருந்தது. பாத்திக்குப் பாத்தி பாசி நுனியிலிருந்து வெள்ளையாகி, எலும்பு போல ஒடிந்து விழுந்தது. இருபது கிலோ நல்ல உலர்பாசியின் சாறு மாதக் கடைசிக்குள் வரவில்லை என்றால் கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்று கடிதம் வந்தது. அறை மூடிவிடும். டாக்டர் ஏழு பேர் பாசியிலிருந்து ஏழு சின்ன பாட்டில் சாறு எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஊதா நிறத் திரவம் ஒன்றைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, அரைமணி நேரம் இருட்டுப் பெட்டியில் மூடினார். சத்து இருந்தால் ஊதா மஞ்சளாகும், இல்லையென்றால் ஊதாவாகவே நிற்கும்.

பெட்டியைத் திறந்தார்கள். ஆறு பாட்டில் ஊதா. ஒன்று மட்டும் எலுமிச்சை மஞ்சள்.

"யாரோடது?" என்றார் டாக்டர்.

சிகுதானி நோட்டைப் பார்த்தாள். "கசிஜா சித்தியோடது."

எல்லாரும் கை தட்டினார்கள். மிசே குலவையிட்டாள். அது எந்தப் பாசி என்று கசிஜாவுக்குத் தெரியும். வாய்க்கால் ஓட்டத்தில் தண்ணீர் சூடேறாமல் இருந்த அந்த நாலு எட்டுத் துண்டில் அறுத்தது.

"எந்த இடம் சித்தி? அங்க இன்னும் கிடைக்குமா?" டாக்டர் விடவில்லை.

"என் பாத்தி ஓரம்தான். கொஞ்சம்தான் இருக்கு."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

சிகுதானிதான் சொன்னாள்: "அந்தப் பக்கம் எங்கம்மா பாத்தி. கயிறெல்லாம் இன்னும் அங்கதான் இருக்கு. நாளைக்கு நான் போறேன்."

"போகாதே!" கசிஜாவின் குரல் கிறீச்சிட்டது. "அங்க நல்லதில்ல. உங்கம்மா குரல் கேக்குது. நானே கேட்டேன்."

சிகுதானி சிரித்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள். "கேட்டா கேக்கட்டும் சித்தி. பேயாவே இருந்தாலும் எங்கம்மாதானே. என்னை என்ன பண்ணிருவா? சாப்டியான்னு கேப்பா."

கசிஜா அன்று தூங்கவில்லை. இரவில் வற்றும் கடலில் தனியாக அந்தக் கழிக்குப் போக உயிரே போனாலும் அவளுக்குத் துணிவு வராது. காலையில் முதல் ஆளாக இறங்கி, சிகுதானி வருவதற்குள் கழியைப் பழைய இடத்தில் நட்டுவிடலாம் என்று விடியக் காத்திருந்தாள். தண்ணீர் வடிந்ததும் ஓடினாள். ஓடி என்ன பிரயோஜனம்? தூரத்தில், சுவேனாவின் பாத்தியில், மஞ்சள் காங்காவை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு சிகுதானி ஏற்கெனவே குனிந்திருந்தாள்.

பாதிக் கயிறு அறுந்து போயிருந்தது. மீதியில் பாசி கொத்துக் கொத்தாக, மாட்டு ஈரல் நிறத்தில் தொங்கியது. "பாருங்க சித்தி, அம்மா எனக்காக விட்டுட்டுப் போயிருக்கா!" என்றாள் அவள். கசிஜா பக்கத்தில் நின்று அறுத்தாள். இப்போது சொல்லிவிடலாம், இந்தக் கயிறு முடியட்டும், அடுத்த கயிறு முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். மற்றப் பெண்கள் ஷைத்தானுக்குப் பயந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். மூட்டை நிறைவதற்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஏறத் தொடங்கிவிட்டது.

சிகுதானி மூட்டையைத் தலையில் ஏற்றிக் கழியை நோக்கி நடந்தாள்.

"இந்தப் பக்கம் வாடி" என்றாள் கசிஜா.

"கழி அங்க இருக்கே சித்தி. அம்மா சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்திருக்கா, துணி கட்டின கழியில இடப்பக்கம் திரும்பணும்னு."

"சொன்னாக் கேளு. அங்க ஷைத்தான் இருக்கு."

"நீங்களும் உங்க ஷைத்தானும்!"

தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. கழியை எட்டி, அம்மாவின் துணியை ஒரு கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு இடப்பக்கம் திரும்பினாள்.

"திரும்பாதே! அது இடம் மாறி நிக்குது!" கசிஜா கத்தினாள். "காலை எடுக்காதே சிகு! அந்தப் பக்கம் வாய்க்கால்!"

சிகுதானி அப்படியே நின்றாள். நீட்டிய காலுக்கடியில் மணல் இல்லை, குளிர்ந்த தண்ணீர் இழுத்தது. மூட்டை சரிந்து விழுந்து, அவள் கண்முன்னேயே வேகமாக அடித்துக்கொண்டு போனது. இரண்டு கையாலும் கழியைக் கட்டிப்பிடித்துக் காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

"யார் மாத்தினா?" என்று கேட்டாள்.

கசிஜாவின் காதில் அப்போது எந்தக் குரலும் இல்லை.

"நான்தான்."

"எப்ப?"

"உங்கம்மா போன அன்னிக்குக் காலையில."

சிகுதானி கத்தவில்லை. கத்தியிருந்தால் கசிஜாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு கையாலும் கழியை ஆட்டிப் பிடுங்கி எடுத்தாள். "எங்க இருந்துச்சு? காட்டு." கசிஜா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவள் நின்ற இடத்தில் சிகுதானி கழியை ஊன்றி, தன் எடை முழுவதையும் போட்டு அழுத்தி இறக்கினாள். இருவரும் அதைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார்கள்.

"மையித்தைத் தூக்கறப்ப மாமா கேட்டாரே, மன்னிக்கச் சொல்லி. நீயும் இருந்தியா?"

"இருந்தேன்."

"மன்னிச்சோம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"எங்கம்மா உனக்கு என்ன செஞ்சா? எதை மன்னிச்சே?"

சிகுதானி இடப்பக்கம் திரும்பி மணல்திட்டில் ஏறிக் கரைக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அறையில் எட்டுப் பேரும் இருந்தார்கள். ஷைத்தான் இல்லை என்று சிகுதானி சொன்னதைக் கேட்டு இரண்டு பேர் இரவில் கடல் வற்றியபோதே விளக்கோடு இறங்கி, சுவேனா பாத்தியிலிருந்து மூன்று மூட்டை அறுத்து வந்திருந்தார்கள். ஏன் இல்லை என்பதை அவள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நோட்டில் 'யாருடைய பாசி' என்ற இடத்தில் 'சுவேனா' என்று எழுதினாள். பழைய பக்கத்தைப் புரட்டி, மஞ்சளாக மாறிய அந்த பாட்டிலுக்கு எதிரே இருந்த கசிஜாவின் பெயரை அடித்துவிட்டு அங்கேயும் 'சுவேனா' என்று எழுதினாள். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கசிஜாவுக்குப் புரிந்தது.

கசிஜா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னாள். கல்யாண வீட்டில் தொடங்கி, கழி, நாலு எட்டு, குழாயடியில் பரப்பிய பேச்சு என்று ஒன்றையும் விடவில்லை. மிசே முதலில் ஏதோ வேடிக்கை என்று சிரிக்கத் தொடங்கிப் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லி முடித்து, "என்னை மன்னிச்சிருங்க" என்றாள் கசிஜா.

வடிதுணியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. யாரும் "மன்னிச்சோம்" என்று சொல்லவில்லை.

சிகுதானி எழுந்தாள். அம்மாவின் பாசி நிறைந்த அலுமினியச் சட்டியைத் தரையோடு இழுத்து வந்து கசிஜாவின் காலடியில் வைத்தாள். சித்தி என்று கூப்பிடவில்லை.

"கழுவு" என்றாள். "மூணு தண்ணி. வெயில்ல போடாதே."

கசிஜா உட்கார்ந்து கழுவினாள்.